அடாப்டர் வாங்க மூன்று தடவை போனது எதற்கென்றால்

அன்புள்ள மகன் வசந்தகுமாருக்கு அம்மா பூமயில் எழுதுவது.

நீ அங்கே மஸ்கட்டில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்க வேண்டும் என்று நம் ராக்காச்சி அம்மனை நினைத்துக்கொண்டு இதை எழுதத் தொடங்குகிறேன். இங்கே உன் அய்யா சுகம், நான் சுகம், முழங்கால் வலி மட்டும் எப்போதும் போலக் கூடவே இருக்கிறது, பசுவும் கன்றும் சுகம், உன் தொட்டியில் இருக்கிற மீன்களும் சுகம். சுகமில்லாத ஒருத்தி உண்டு, அவள் இப்போது இந்த வீட்டில் இல்லை, சத்திரக்குடிப் பக்கம் தன் அம்மா வீட்டில் இருக்கிறாள். உன் பெண்டாட்டி கவிப்ரியாவைத்தான் சொல்கிறேன். அவள் போனது உனக்குத் தெரியும், தெரிந்தும் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானாகப் பேச்சை எடுத்தாலும் சிக்னல் இல்லம்மா, சூப்பர்வைசர் கூப்பிடுறாரும்மா என்று போனை வைத்துவிடுகிறாய். காகிதத்துக்குச் சிக்னல் வேண்டியதில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். புதுமடத்து அசாருதீன் லீவு முடிந்து நாளைக்குக் கிளம்புகிறான், உன் கேம்பிலேயே இருக்கிற பிள்ளை, அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். நீ படித்து முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திரு என்று சொல்லியிருக்கிறேன், அவனும் பாவம், சரி பெரியம்மா என்று தலையாட்டியிருக்கிறான். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், விஷயத்தில் பிழை கிடையாது.

உன்னோடு பள்ளிக்கூடம் போன காளிதாஸ், உச்சிப்புளிக்கும் ராமநாதபுரத்துக்கும் வேன் ஓட்டுகிறானே அவன், உனக்கு என்ன சொன்னான் என்பது எனக்கு அசாருதீன் வழியாகத் தெரியும். கவிப்ரியா ஒரே வாரத்தில் மூன்று தடவை அரண்மனைப் பக்கம் ஒரே கடைக்குத் தனியாகப் போனாள், அங்கே வேலை செய்கிற பையனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள் என்று சொல்லி, போட்டோவும் பிடித்து அனுப்பியிருக்கிறான். மூன்று தடவை போனது உண்மை. ஒரே கடை என்பதும் உண்மை. சிரித்ததும் உண்மைதான். எதற்குப் போனாள் என்பதை அவனும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை, அதனால் நான் சொல்கிறேன். நீ ஏசி மெக்கானிக், தினமும் கையில் மீட்டரோடு திரிகிறவன், வோல்ட், ஆம்பியர் என்று நான் எழுதப் போவதில் ஒரு இடத்தில் பொய் இருந்தாலும் உனக்குத் தெரிந்துவிடும். அதற்காகவே இந்த வயதில் இதையெல்லாம் அவளிடம் கேட்டு மண்டையில் ஏற்றிக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்து நீ இருந்த அந்த லீவில் மதுரையிலிருந்து கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாய். குடிக்கிற தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்கிற ஊரில் மீனுக்கு ஒரு தொட்டித் தண்ணீரா, கிறுக்குப் பயலே என்று அய்யா திட்டினார். தண்ணீருக்குள் புல், அந்தப் புல் வளர மேலே நீளமாக ஒரு விளக்கு, அந்த விளக்குச் சூடேறாமல் இருக்க அதன் முதுகில் ஒரு சின்ன ஃபேன், விளக்குக்கு ஒரு அடாப்டர், ஃபேனுக்கு ஒரு அடாப்டர். எனக்கும் அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் நீ விமானம் ஏறிய பிறகு உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சுக்கு இருந்தது அந்தத் தொட்டிதான். சாயங்காலம் டூட்டி முடிந்து நீ வீடியோவில் வருவாய், அவள் போனைத் தொட்டிப் பக்கம் திருப்புவாள், அந்தச் சிவப்பு வால் எங்கே, குட்டி போட்டது எத்தனை தேறியது என்று கேட்பாய், அவள் விளக்கமாகச் சொல்லுவாள். சரியாகப் பழகுவதற்குள் பிரிந்துபோன பிள்ளைகள், மீனைப் பற்றியாவது வாய் வலிக்கப் பேசட்டும் என்று நான் அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டேன். அவளுக்கு அந்தத் தொட்டி என்றால் அது நீதான். அதை நீ புரிந்து வைத்திருந்தாயோ என்னவோ.

ஆயுத பூஜை கழிந்து கொஞ்ச நாளில் இங்கே இடியோடு நல்ல மழை. கரண்டு போய்ப் போய் வந்தது. மறுநாள் பார்த்தால் விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடவில்லை, ஃபேனுக்குப் போகிற அடாப்டர் செத்துவிட்டது. அவள் உனக்குச் சொன்னாள். நீ என்ன பதில் அனுப்பினாய்? என்ன செய்வியோ எனக்குத் தெரியாது கவி, ஃபேன் ஓடணும், இல்லேன்னா லைட்டு போயிரும், லைட்டு போனா செடியும் போயிரும், ராம்நாட்டுல எங்கயாச்சும் கேட்டு வாங்கு என்று உன் வாயால் சொல்லி அனுப்பினாய். அந்தக் குரல் இன்னும் அவள் போனில் இருக்கிறது, நான் கேட்டேன். அய்யா மிளகாய்ச் செடிக்கு மருந்தடிக்க வேண்டிய நேரம், இலையெல்லாம் சுருண்டுகொண்டு வந்தது, எனக்கு முழங்கால் இந்த லட்சணத்தில் இருக்கிறது, அவள் போகாமல் யார் போவது? நீ சொல்லித்தான் போனாள், வேறு எதற்கும் இல்லை.

இப்போது அந்த அடாப்டர் சங்கதிக்கு வருகிறேன். அதன் வயிற்றில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று வெள்ளை எழுத்தில் அச்சடித்திருப்பார்கள், நம்முடையதில் அந்த இடம் மொட்டையாக இருந்தது. காரணம் நான். ஆயுத பூஜையன்று அரிவாள், மண்வெட்டி, மோட்டார் சுவிட்சு, மருந்தடிக்கிற மிஷின் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள், வீட்டுக்குள் ராவும் பகலும் உழைக்கிற இது மட்டும் என்ன பாவம் செய்தது என்று அதைத் திருப்பிப் போட்டு அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். அது சரியாக அந்த எண்ணின் மேல் விழுந்திருக்கிறது. பூஜை கழிந்து ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன், காய்ந்த சந்தனத்தோடு எழுத்தும் உரிந்து வந்துவிட்டது. அந்த எண் இருந்திருந்தால் அவள் ஒரே நடையில் வாங்கி வந்திருப்பாள். அவளை மூன்று நடை நடக்க விட்டது என் பொட்டுதான், விசாரிக்க வேண்டுமென்றால் என்னை விசாரி.

முதல் தடவை அந்தச் செத்த அடாப்டரை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். கடைப் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அக்கா நம்பரே இல்லையே, எத்தனை வோல்ட்டுன்னு தெரியாம நான் எதைக் குடுக்க என்று கேட்டிருக்கிறான். அவள் அங்கிருந்தே எனக்குப் போன் போட்டாள். அத்தை, தொட்டிக்குப் பின்னால லைட்டுக்கு உள்ள அடாப்டர் இருக்கு பாருங்க, ரெண்டும் ஒரே பெட்டியில வந்ததுதானே, அதுல அவுட்புட்டுன்னு போட்டு என்ன எழுதிருக்குன்னு வாசிங்க என்றாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிய முடியாமல் குனிந்து இருபத்து நாலு என்று வாசித்தேன். அவனும் இருபத்து நாலு வோல்ட்டையே கொடுத்துவிட்டான். கொண்டுவந்து சொருகினால், அம்மாடி, அந்தக் கையகல ஃபேன் போட்ட கூப்பாடு இருக்கிறதே, மாவு மில்லில் பெல்ட் அறுகிற மாதிரி! மீன்கள் எல்லாம் மூலைக்கு ஓடிவிட்டன. கவிப்ரியா பாய்ந்து போய்ப் பிடுங்கிப் போட்டாள், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கருகியிருக்கும். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி டார்ச் அடித்துப் பார்த்து, ஃபேனின் நடுவில் ஒட்டியிருந்த ஒரு குட்டி ஸ்டிக்கரைக் கண்டுபிடித்தாள். அதில் பன்னிரண்டு வோல்ட் என்று இருந்தது. விளக்குக்கு இருபத்து நாலு, ஃபேனுக்குப் பன்னிரண்டு, ஒரே பெட்டியில் வந்தது ஒன்றாகத்தான் இருக்கும் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். நீ இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டியிருப்பாய்.

இரண்டாவது தடவை அதை மாற்றப் போனாள். அன்றைக்குக் காளிதாஸ் வேனில்தான் போனாள், அவனே என்ன தங்கச்சி மறுபடியுமா என்று கேட்டிருக்கிறான், ஃபேனுக்கு அடாப்டர் மாத்தணும்ணே, வோல்ட்டு மாறிப்போச்சு என்று இவளும் சொல்லியிருக்கிறாள். ஆக, காரணம் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் உனக்குச் சொல்லாமல் விட்டவனை நீ இன்னும் கூட்டாளி என்கிறாய். சரி, அது கிடக்கட்டும். பன்னிரண்டு வோல்ட் வாங்கி வந்தாள், இந்தத் தடவை வோல்ட் சரி, ஃபேனில் சொருகுகிற பின் சரியில்லை. வெளியே பார்க்க அதே பருமன், உள்ளே இருக்கிற துளைதான் ஒரு நூல் பெரியது, சொருகினால் லொடலொடவென்று ஆடுகிறது. ஒயரைப் பிடித்து ஒரு பக்கமாக அழுத்தினால் ஃபேன் ஓடும், கையை எடுத்தால் நின்றுவிடும். நான் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன், நூலைச் சுற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலம் நீ வீடியோவில் வந்தபோது அவள் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைத் தொட்டிக்குப் பின்னால் விட்டு அந்த ஒயரை அழுத்திப் பிடித்தபடியே உன்னோடு பேசினாள். நீ ஃபேன் ஓடுதா என்று கேட்டாய், ஓடுது பாருங்க என்று காட்டினாள். வேலை செய்து களைத்து வந்த மனுஷன் இதை நினைத்துக்கொண்டு படுக்க வேண்டாமென்று அப்படிச் செய்தாள். கை மரத்துப்போய் அப்புறம் நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன்.

நடுவில் உன் அய்யா கூத்து ஒன்று. மருந்தடிக்கிற மிஷினும் பன்னிரண்டுதான், ஃபேனும் பன்னிரண்டுதான், இதுக்குப் போயி எதுக்கு அலையிறீங்க என்று சொல்லி அந்த மிஷினுக்குச் சார்ஜ் போடுகிற அடாப்டரைக் கொண்டுவந்து சொருகிவிட்டார். பின் அளவாகப் போய் உட்கார்ந்தது, ஃபேனும் ஓடியது, ஆனால் இயல்பாக ஓடவில்லை, விர்ரென்று விரட்டுகிற மாதிரி ஓடியது. கவிப்ரியா தொட்டுப் பார்த்துவிட்டு, சூடு ஏறுது மாமா, இது பேட்டரிக்காக வோல்ட்டைக் கொஞ்சம் கூட விடும், ஃபேனுக்கு ஆகாது என்று கழற்றிவிட்டாள். எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது, கடைக்காரன் மேல். ஏமாந்த பிள்ளை என்று நினைத்து எதையாவது தலையில் கட்டுகிறானா, நானே வாரேன், ரெண்டு கேள்வி கேக்குறேன் என்று சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

மூன்றாவது தடவை அவளோடு நானும் போனேன். இதைக் காளிதாஸ் உனக்குச் சொன்னானா? இந்தத் தடவை அவள் புத்தியாக, திருகாணியை எல்லாம் கழற்றி ஃபேனையே துண்டில் சுற்றி என் ஒயர்க் கூடையில் வைத்து எடுத்து வந்தாள், அங்கேயே சொருகிப் பார்த்து வாங்கிவிடலாம் என்று. அந்தப் பையன் ஒவ்வொரு பின்னாக எடுத்துச் சொருகிப் பார்த்தான், ஒன்று நுழையவில்லை, ஒன்று ஆடியது, ஒன்று சிக்கென்று நின்றது. உடனே கரண்டில் போடவில்லை, மீட்டரை வைத்து நடுவில் ப்ளஸ், வெளியில் மைனஸ் என்று பார்த்துவிட்டுத்தான் போட்டான். அதில் இரண்டு ஆம்பியர் என்று எழுதியிருந்தது, ஃபேன் ஸ்டிக்கரில் அரை ஆம்பியர் கூட இல்லை, ஏப்பா இம்புட்டுப் பெரிசு வச்சா எரிஞ்சு போகாதா என்று நான் சண்டைக்குப் போனேன். வோல்ட்டுதான் ஒண்ணா இருக்கணும் அம்மா, ஆம்பியர் கூட இருக்கலாம், கொறையத்தான் கூடாது, அது தனக்கு வேணுங்கிறத மட்டும்தான் இழுக்கும் என்றான். நம் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும் மோட்டார் தன் அளவுக்குத்தானே இழுக்கிறது, சரிதான் என்று விட்டுவிட்டேன். உனக்குத் தெரிந்த சங்கதியை உனக்கே சொல்கிறேன், நான் அங்கே இருந்தேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

போட்டோவுக்கு வருகிறேன், காளிதாஸ் தெருவில் வேனில் இருந்தபடியே பிடித்திருப்பான், நான் அவனைக் கவனிக்கவில்லை. அதை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படி. அவள் இரண்டு கையிலும் ஃபேனை ஏந்திக்கொண்டு நிற்கிறாள், பையன் அதில் ஒயரைச் சொருகிக்கொண்டு குனிந்திருக்கிறான், இரண்டு தலையும் கிட்டக் கிட்ட இருக்கிறது. ஒயர் அவ்வளவுதான் நீளம், எட்டி நின்றால் எட்டாது. ஃபேன் ஓடத் தொடங்கியதும் காற்று அவள் முகத்தில் அடித்து நெற்றி முடியெல்லாம் பறந்தது. நான் கால் வலிக்கிறது என்று வாசலோரம் போன் உறைகள் தொங்குகிற பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் இப்படி ஒண்ணு கழுத்துல மாட்டி விடுடி, அடுப்படியில வேகுது என்று சொன்னேன். அதற்குத்தான் அவள் சிரித்தாள். அவள் கண்ணைப் பார், அந்தப் பையனையா பார்க்கிறது, பக்கவாட்டில் பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது. கண்ணாடி மேசை மேல் மூலையில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு கூடை பாதி தெரியும், நீ ஏர்போர்ட்டுக்குக் கட்டுச்சோறு தூக்கிக்கொண்டு போன அதே கூடை. பெற்றவள் கூடையை அடையாளம் தெரியவில்லை, பெண்டாட்டி சிரிப்பு மட்டும் கண்ணில் பட்டுவிட்டதா உனக்கு? அந்தப் பையன் பெயர் என்ன என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆனால் ஒன்று சொல்கிறேன் கேட்டுக்கொள். கூடையைப் பார்த்து உன் மனசு ஆறிவிட்டது என்றால் எனக்கு அது போதாது. முதல் இரண்டு தடவை நான் போகவில்லை. அங்கே கூடையும் இல்லை, ஸ்டூலில் மாமியாரும் இல்லை. அவள் தனியாகப் போனாள், தனியாக வந்தாள். அந்த இரண்டு தடவைக்கும் சாட்சி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கட்டிய பெண்டாட்டி கடைக்குப் போய் வருவதற்கு மாமியாரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றால் அது என்ன குடும்பம்?

அன்று வீட்டுக்கு வந்து ஃபேனை மாட்டினாள், சத்தமே இல்லாமல் ஓடியது, கையை வைத்தால் இதமாகக் காற்று வந்தது. அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். நீ வருகிற நேரத்துக்குத் தலையை வாரிக்கொண்டு தொட்டி முன்னால் போய் உட்கார்ந்தாள். நீ வரவில்லை. உன் போனிலிருந்து அந்தப் போட்டோ மட்டும் வந்தது. ஒரு வார்த்தை இல்லை, இது என்ன என்று கூட இல்லை. அவள் கூப்பிட்டாள், நீ எடுக்கவில்லை, மறுநாளும் எடுக்கவில்லை. வேலை அதிகமோ என்னவோ என்று நான்தான் பூசி மெழுகினேன். அப்புறம் நீ அய்யாவுக்குப் போன் போட்டாய். காது மந்தமான மனுஷன் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் என்று உனக்குத் தெரியாதா? இனிமே அவளை ராம்நாடு பக்கம் விடாதீங்க அய்யா, எங்க போறா வாறான்னு ஒரு கண்ணு வச்சுக்கிருங்க என்று நீ சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது. கவிப்ரியா அங்கே உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சோற்றை வடித்து, குழம்பைக் கூட்டி, அய்யாவுக்குப் பரிமாறி, பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் தன் அண்ணன் காளிராஜுக்குப் போன் போட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் கட்டிப்பிடித்தாவது நிறுத்தியிருப்பேன்.

போகும்போது அய்யாவிடம் மீனுக்கு எவ்வளவு தீனி போட வேண்டும் என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டுப் போனாள். அவர் இப்போது காலையில் எழுந்ததும் அதைத்தான் செய்கிறார். அந்தத் தொட்டியைக் கண்டால் ஏசுகிற மனுஷன், அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு, மருமக இல்லாத வீட்டுல நமக்கென்னடா வேலைன்னு நிக்கிதுக பாரு என்று என்னிடம் சொல்கிறார். மிளகாய்க் கொல்லைக்குப் போகிறார், வருகிறார், சாப்பாட்டைப் பிசைந்து பாதியில் வைத்துவிடுகிறார். மிளகாய் இந்த வருஷம் நன்றாகத்தான் வந்திருக்கிறது, மருந்து கேட்டுவிட்டது, பூ வைக்கத் தொடங்கியிருக்கிறது, அதைப் பார்த்தும் அவர் முகத்தில் ஒரு தெளிச்சி இல்லை.

நான் சத்திரக்குடிக்குப் போய் வந்தேன். அவர்கள் ஒன்றும் மரியாதைக் குறைவாக நடத்தவில்லை, காப்பித் தண்ணி கொடுத்தார்கள், காளிராஜ் மட்டும் நின்றுகொண்டே பேசினான். உங்க மேல எங்களுக்குக் குத்தம் இல்லை அத்தை, ஆனா தங்கச்சிய இந்தப் பேச்சோட அனுப்ப மாட்டோம், மச்சான் வாயத் தொறக்கலேன்னா மார்கழி பொறக்கு முன்னாடி நாலு பேரோட வந்து சீர்ச் சாமானை எடுத்துக்கிருவோம் என்று சொல்லிவிட்டான். பீரோவும் கட்டிலும் பாத்திரங்களும் அந்த வாசலைத் தாண்டிவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? அதற்குப் பிறகு நீ தலைகீழாக நின்றாலும் ஒட்டாது. நான் கவிப்ரியாவைத் தனியாகக் கூட்டிப் போய், வா தாயி, நான் அவனைக் கேட்கிறேன், நீ வீட்டுக்கு வா என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை குறைக்கவில்லை. மூணு தடவ எதுக்குப் போனேன்னு அவரு கேட்டிருந்தா நான் வோல்ட்டு, பின்னு, எல்லாம் சொல்லிருப்பேன் அத்தை, அதெல்லாம் எனக்கு மேல அவருக்குத் தெரியும், அவரு கேக்கவே இல்லையே என்றாள். என் வயிற்றில் பிறந்தவனுக்காக நான் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறி வந்தேன். வழியெல்லாம் அழுகைதான்.

ஏலே, நீ கெட்டவன் இல்லை. எனக்குத் தெரியும். அங்கே அத்தனை ஆம்பிளைகள் ஒரே அறையில் கிடந்து, ஆளாளுக்கு வீட்டைப் பற்றி ஒன்றைச் சொல்லி, வெயிலும் தனிமையுமாக மூளை காய்ந்துபோகும் என்று அசாருதீனும் சொன்னான். ஊரில் என்ன நடக்கிறதோ என்று பயம் வரத்தான் செய்யும். பயம் வந்தால் கேள், வாயைத் திறந்து கேள். ஊர்ப்பட்ட ஏசியைப் பிரித்துப் போட்டு, எங்கே கரண்டு வரவில்லை என்று ஒவ்வொரு இடமாக மீட்டர் வைத்துப் பார்க்கிற பிள்ளை, சொந்தப் பெண்டாட்டி விஷயத்தில் மட்டும் ஒன்றையும் பார்க்காமல் முடிவு கட்டிவிட்டாயே.

நான் சொல்கிறபடி செய். எனக்குப் போன் போடாதே, அய்யாவுக்கும் போடாதே, காளிராஜுக்குப் போட்டுச் சமாதானம் பேசாதே. அவளுக்குப் போடு. எடுக்க மாட்டாள், மறுபடி போடு. எடுத்தால் அவன் அப்படிச் சொன்னான் இவன் இப்படிச் சொன்னான் என்று காளிதாஸ் மேல் பழியைப் போடாதே, அவன் அனுப்பினான், நம்பியது நீ. வீட்டுக்கு வா என்றும் எடுத்த எடுப்பில் சொல்லாதே. தப்பு என்னுடையது என்று சொல்லு, அவள் திட்டினால் கேட்டுக்கொள், பேசாமல் இருந்தாலும் வைத்துவிடாதே, அவளாக வைக்கிற வரைக்கும் இரு. இங்கிருந்து நான் எவ்வளவு ஒட்டுப் போட்டாலும் நிற்காது. சாப்பாட்டை விட்டுவிடாதே, கோபத்தில் பட்டினி கிடக்கிற பழக்கம் உனக்கு உண்டு. அசாருதீனிடம் வத்தலும் கருவாட்டுப் பொடியும் கொடுத்திருக்கிறேன், பக்கத்துக் கட்டில் பிள்ளைகளுக்கும் கொடுத்துச் சாப்பிடு. கருவாட்டுப் பொடி அவள் போவதற்கு முன்னால் உனக்காக இடித்து வைத்தது, அதையும் தெரிந்துகொண்டு சாப்பிடு.

ராக்காச்சி உன்னைக் காப்பாற்றட்டும், உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும், நீங்கள் இரண்டு பேரும் ஒரே வாசலில் நின்று நான் பார்க்க வேண்டும். கடைசியாக ஒன்றை மறக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த அடாப்டருக்கு ஒரு வருஷம் கேரண்டி கொடுத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கரண்டுக்கு அது அவ்வளவு நாள் தாங்குமா என்று சொல்ல முடியாது. கெட்டுப்போனால் மாற்றுவதற்கு அதே கடைக்குத்தான் போக வேண்டும், அதே பையன்தான் இருப்பான், கவிப்ரியாதான் போவாள், தனியாகத்தான் போவாள். அங்கே சிரிக்கிற மாதிரி ஏதாவது நடந்தால் சிரிக்கவும் செய்வாள். அது உனக்குச் சம்மதம் என்றால் மட்டும் அவளைக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
கூ. பூமயில்